வைண்டிங் பிரிவின் ஆறு மணி நேரம்

எதிர்காலத்தில் மனிதன் என்ன வேலை செய்வான் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களில் பாதிப் பேர், இன்றைக்கு மனிதன் என்ன வேலை செய்கிறான் என்பதையே கிட்டே போய்ப் பார்த்ததில்லை. போன மாதம் மைசூர் ஹெப்பாளில், நான் முப்பத்தோரு வருஷம் உழைத்த பம்பு மோட்டார் தொழிற்சாலையின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். அங்கேயும் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து இதையே முக்கால் மணி நேரம் பேசினார். எனக்கு நல்ல தூக்கம்.

சாப்பாட்டுக்குப் பிறகு இளம் என்ஜினியர்கள் என்னைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார்கள். கூரையில் வரிசையாகக் கேமராக்கள். கீழே வேலை செய்கிறவரின் கை அசைவைக் கேமரா பார்க்குமாம், ஒரு பொருளைச் செய்ய எத்தனை விநாடி ஆகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடுமாம். "அங்கிள், உங்க வேலைய இப்ப இதுதான் பண்ணுது" என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு வருத்தமில்லை. எல்லோரும் என்னைத் திட்டியதுபோல இனி கேமராவைத் திட்டிக்கொள்ளட்டும்.

அந்தக் கூட்டத்தில் தீபிகா என்று ஒரு பெண். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஆனால் கன்னடம்தான் சரளம். "அங்கிள், ஒரு டவுட்டு. எல்லாக் கெலசமும் மெஷினே பண்ணிட்டா, மிச்ச நேரத்துல மனுஷங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். கெலசம் என்றால் வேலை. கோட்டுக்காரர் முக்கால் மணி நேரத்தில் தொடாத கேள்வியை இந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டாள். "எழுதி அனுப்புறேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாக்கைத்தான் இப்போது காப்பாற்றுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. என் பெயர் பிரான்சிஸ். டிப்ளமா முடித்து, பெங்களூரில் ஆறு மாதம் பயிற்சி எடுத்து, கையில் ஒரு ஸ்டாப்வாட்ச்சோடு இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். 'ஒர்க் ஸ்டடி' என்பது என் பிரிவின் பெயர். ஒரு வேலையைச் செய்து முடிக்க நியாயமாக எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று அளந்து சொல்வது என் வேலை. தொழிலாளர்கள் எனக்கு வைத்த பெயர் கடியாரம். நான் ஒரு பிரிவுக்குள் நுழைந்தால், "கடியாரம் வருது" என்று ஒரு முணுமுணுப்பு எனக்கு முன்னால் ஓடும். என் மனைவி ரோஸி, இட்லி வேகிற நேரத்தைக்கூட இவர் விடமாட்டார் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். ஒருமுறை அளந்தேன், உண்மைதான்.

அளக்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். வைண்டிங் பிரிவை எடுத்துக்கொள்வோம். அங்கே மோட்டாருக்கு வேண்டிய காயில்களைப் பெண்கள் சுற்றுவார்கள். மெல்லிய செம்புக் கம்பியை மர அச்சில் மாட்டுவது ஒரு துண்டு. சுற்றுவது ஒரு துண்டு. சுற்றியது பிரிந்துவிடாமல் நாலு இடத்தில் நூலால் கட்டுவது, அச்சிலிருந்து கழற்றுவது என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இருபது தடவை வாட்ச்சில் பிடிக்க வேண்டும். பிறகு வருவது ரேட்டிங். இதற்கு வாட்ச் உதவாது, கண்தான் வேண்டும். இயல்பான வேகத்தில் செய்கிறாரா, நம்மைப் பார்த்ததும் வேண்டுமென்றே கையை இழுக்கிறாரா என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். இயல்பு என்றால் நூறு, இழுத்தால் எண்பது. கடைசியில் களைப்புக்கு இவ்வளவு, தண்ணீர் குடிக்க இவ்வளவு, பாத்ரூம் போக இவ்வளவு என்று சேர்த்து, தாளில் ஒரே ஒரு எண்ணை எழுத வேண்டும். மூன்று பிரதி. வெள்ளை எங்கள் பிரிவுக்கு, மஞ்சள் சூப்பர்வைசருக்கு, ரோஸ் நிறப் பிரதி பிளானிங்குக்கு. ரோஸ் பிரதி போய்ச் சேர்ந்ததும், ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை காயில் என்ற இலக்கு மாறிவிடும்.

இந்த ரோஸ் பிரதியால் நான் செய்த முதல் பாவத்தை மறைக்க விரும்பவில்லை. வைண்டிங்கில் மாதம்மா என்று ஒருத்தி இருந்தாள். ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி மைசூர் வந்தவள். கணவர் தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், முதுகு போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். மாதம்மாவின் சம்பளம்தான் குடும்பம். கட்டுகிற நூலை ஒவ்வொரு காயிலுக்கும் தனித்தனியாக வெட்டாமல், காலையிலேயே மொத்தமாக வெட்டிக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொள்வாள். நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன். தாளில் எழுதினேன். மறுவாரம் எல்லோருக்கும் இலக்கு ஏறிவிட்டது. சீக்கிரம் முடித்து ஐந்து நிமிஷம் காலை நீட்டி உட்காரலாம் என்று மாதம்மா தனக்கென்று கண்டுபிடித்த வழி, பதினெட்டுப் பெண்களுக்கும் கூடுதல் வேலையாகிப்போனது. மற்றவர்கள் அவளிடம் ஒரு மாதம் பேசவில்லை. எனக்கு அந்த வருஷம் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வைண்டிங்கில் ஒருவரும் எனக்கு எதையும் காட்டவில்லை. நான் போய் நின்றால் பதினெட்டு ஜோடிக் கைகளும் பாடத்தில் உள்ளபடி, அளவெடுத்தாற்போல் நகரும்.

எட்டு வருஷம் கழித்து வேதவல்லி மேடம் எங்களுக்கு உற்பத்தி மேலாளராக வந்தார். மேல்கோட்டையிலிருந்து மைசூருக்கு வந்து தலைமுறைகளாகிவிட்ட வைணவக் குடும்பம், வீட்டில் பேசுவது பழைய தமிழ். என்னைவிட ஐந்து வயது சின்னவர். என்னைவிடச் சின்னவர், அதிலும் ஒரு பெண், எனக்கு மேலதிகாரியா என்று முதல் நாள் எனக்குள் புகைந்தது. அன்று மாலையே ஒரு டைம் ஷீட்டைக் கையெழுத்துக்கு நீட்டினேன். வாங்கி மேஜையில் வைத்தார்.

"இது எந்த வேலைக்கு, பிரான்சிஸ்?"

"வைண்டிங், மேடம். எல்லாம் சரி பார்த்தாச்சு."

"இருக்கட்டும். நான் இன்னும் இந்த வேலையப் பண்ணிப் பாக்கலையே."

மறுநாள் காலை எட்டு மணிக்கு வைண்டிங்கில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாலு மணிக்குத்தான் எழுந்தார். இப்படி ஆறு நாள். செம்புக் கம்பி புது விரலை அறுத்துவிடும். சனிக்கிழமை கையெழுத்துப் போடும்போது நாலு விரலில் பிளாஸ்திரி. அதற்குப் பிறகு எந்த டைம் ஷீட்டானாலும் அந்த வேலையை ஒரு நாளாவது தான் உட்கார்ந்து செய்து பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. வார்ப்படப் பிரிவின் வெக்கையில்கூட உட்கார்ந்தார். இன்னொரு பழக்கமும் உண்டு. உட்கார்ந்து வேலை செய்கிறவரிடம் நின்றுகொண்டு பேச மாட்டார், தனக்கும் ஒரு ஸ்டூல் இழுத்துப் போட்டுக்கொள்வார். என் புகைச்சல் ஒரு மாதத்தில் போன இடம் தெரியவில்லை. எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன், மனதார எழுந்து நிற்க வேண்டும் என்று தோன்றியது இவருக்கு மட்டும்தான்.

கேன்டீனில் டீ குடிக்கும்போது அவர் ஒரு கனவு சொல்வார். "எல்லா ஃபாக்டரியிலயும் மெஷின் வந்துண்டே இருக்கு. வரட்டும், நல்லதுதான். ஆனா மெஷின் வந்தா ஆள் ஏன் போணும்? நேரம் போகட்டுமே. எட்டு மணி ஆறாகட்டும், ஆறு நாலாகட்டும். எல்லாரும் கொஞ்சம் வேலை பண்ணிட்டு ஆத்துக்குப் போகட்டும். இதுக்குத்தானே மெஷின் கண்டுபிடிச்சா?" நான் பிஸ்கெட்டை டீயில் தோய்த்துக்கொண்டே, "கேக்க நல்லா இருக்கு மேடம்" என்பேன். உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

சிரிப்பு நின்ற நாளும் வந்தது. வைண்டிங்குக்குப் பாதித் தானியங்கி மெஷின்கள் வாங்கினார்கள். விற்றவர்கள் தந்த கணக்குப்படி பதினெட்டுப் பேர் வேண்டாம், பன்னிரண்டு பேர் போதும். தற்காலிகத் தொழிலாளர்கள் ஆறு பேரின் பெயர் பட்டியலாகி வந்தது. பதினோரு வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்த மாதம்மா அதில் இரண்டாவது பெயர்.

வேதவல்லி மேடம் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு எம்.டி. அறைக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். எம்.டி. கெட்டவர் இல்லை. அப்பா தொடங்கிய தொழிற்சாலை, தானும் என்ஜினியர், எதையும் எண்ணாகப் பார்க்கிறவர். பேச்சு கன்னடத்தில் நடந்தது. பதினெட்டுப் பேரும் இருக்கட்டும், எல்லோருக்கும் எட்டு மணிக்குப் பதில் ஆறு மணி நேர வேலை, சம்பளம் அப்படியே என்றார் மேடம். எம்.டி. வாய்விட்டுச் சிரித்தார். மெஷின் வாங்கியது நான், லாபம் அவர்களுக்கா என்று கேட்டார். மேடம் அசையவில்லை. அசெம்பிளிக்குத் தினம் வேண்டிய காயில் ஒன்றுகூடக் குறையாது, மூன்று மாதம் தாருங்கள் என்றார். ஆளுக்கு நாற்பத்தைந்து, ஆறு மணி நேரத்தில். ஒன்று குறைந்தாலும் மூன்று மாத முடிவில் ஆறு பேரும் வெளியே என்றார் எம்.டி. அந்த நிபந்தனையோடு வெளியே வந்தோம்.

காலை எட்டிலிருந்து பகல் இரண்டு வரை வேலை என்று அறிவித்ததும் வைண்டிங் பெண்களுக்கு நம்பிக்கையே வரவில்லை. இரண்டு மணிக்குக் கேட்டைத் தாண்டும்போது யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஆனால் எண்ணிக்கை ஏறவில்லை. முதல் மாத முடிவில் ஆளுக்கு முப்பத்தெட்டு. அங்கேயே நின்றுவிட்டது.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "பிரான்சிஸ், அவாளுக்கு ஏதோ ஒரு வழி தெரியும். நான் போய் ஒக்காந்தா கை ஒரு மாதிரி போறது, நீங்க வந்தா வேற மாதிரி போறது. உங்களக் கண்டு மறைக்கறா."

எனக்குச் சுருக்கென்றது. "அவங்க வேலைய அவங்களே காப்பாத்திக்கறதுக்கு நான் என்ன மேடம் தடை?" என்று குரலை உயர்த்திவிட்டேன். முப்பத்தெட்டு என்று எழுதியிருந்த தாளை அவர் என் பக்கம் திருப்பி வைத்தார். அதுதான் என்னைக் கொன்றது. மறுநாள் இரண்டு மணிக்கு வைண்டிங்குக்குப் போனேன். மேடம் செய்வதுபோலவே ஸ்டூலை இழுத்துப் போட்டு மாதம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாதம்மா, அந்த நூல் விஷயத்துல நான் பண்ணினது தப்பு."

அவள் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அது ஆயிப்போச்சுங்க சாரு."

"இப்ப நாப்பத்தஞ்சு வரலன்னா உன்னையும் சேத்து ஆறு பேரு போகணும். கொத்துதானே?" கொத்து என்றால் கன்னடத்தில் தெரியும் என்று அர்த்தம்.

"கொத்துங்க. ஆனாக்கா வழிய நாங்க காட்டிப்புட்டம்னா அதெ எழுதிப்போடுவீங்க. அப்பறம் நாப்பத்தஞ்சு அம்பதாகும். அம்பது அறுவதாகும். எப்படிப் பண்ணுனாலும் நாங்கதான போகோணும்?"

இருபத்து நாலு வருஷ சர்வீஸில் என் வேலையை இவ்வளவு சரியாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்ச்சைக் கழற்றினேன். அவள் மெஷின்மேல் வைத்தேன்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்களே அளந்துக்கங்க. நான் பாக்க மாட்டேன்."

அந்த வாட்ச் இல்லாமல் தொழிற்சாலைக்குள் நடந்தபோது சட்டையில்லாமல் நடப்பதுபோல இருந்தது. ஆனால் பத்தே நாளில் எண்ணிக்கை நாற்பத்தொன்று, பிறகு நாற்பத்து நாலு. பெண்கள் ஒருவர் கையை இன்னொருவர் அளந்திருக்கிறார்கள். யாருக்கு எந்தத் துண்டு சீக்கிரம் வருகிறது என்று பார்த்து, அவளிடம் மற்றவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். மாதம்மாவின் வழி அழகானது. உடைந்த பிளாஸ்டிக் வளையலைப் பிறை மாதிரி வெட்டி, முனையில் ஓட்டை போட்டு, அதில் நூலைக் கோத்துக் காயிலுக்கு அடியில் ஒரே வீச்சில் விட்டு எடுப்பாள். விரலால் நெருடி நெருடி நூலை நுழைக்க வேண்டியதே இல்லை. இரண்டாவது மாத முடிவில் பதினெட்டு மெஷினிலும் பதினெட்டு வளையல் துண்டு, பச்சையும் சிவப்புமாக. நாற்பத்தைந்தைத் தாண்டி நாற்பத்தெட்டு. மாதம்மா தானாகவே என்னைக் கூப்பிட்டு அந்தத் துண்டைக் கையில் கொடுத்துக் காட்டினாள். எனக்கு அன்று வந்த சந்தோஷம், வேலையில் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் எல்லாவற்றையும் குட்டிச்சுவராக்கினேன். சனிக்கிழமை என் மேஜையில் உட்கார்ந்து, இவ்வளவு நல்ல முறையை முறைப்படி பதிவு செய்ய வேண்டாமா என்று படிவத்தை எடுத்தேன். பெண்கள் தாங்களே அளந்து வைத்திருந்த நேரங்களை வாங்கித் துண்டு துண்டாக எழுதினேன். வளையல் துண்டின் படம் வரைந்தேன். கடைசிக் கட்டத்தில் ஏழு நிமிஷம் என்று எழுதினேன். மேடத்தின் கையெழுத்துக்குக்கூட வைக்கவில்லை, புது முறையின் முதல் பதிவுக்கு என் கையெழுத்து மட்டும் போதும் என்பது விதி. மூன்று பிரதி எடுத்தேன். வெள்ளை, மஞ்சள், ரோஸ். என் கை அவற்றைப் பிரித்து மூன்று தட்டில் போட்டது. இருபத்து நாலு வருஷமாக அது செய்கிற வேலை, அதற்கு என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வைண்டிங் பலகையில் பிளானிங்காரர்கள் புது எண் எழுதியிருந்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு அறுபத்தெட்டு. தேவை பன்னிரண்டு பேர். அந்த எண்ணிக்கைக்கு அடியில் என் படிவத்தின் எண்.

நான் போனபோது பெண்கள் யாரும் வேலை தொடங்கியிருக்கவில்லை. பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். மாதம்மா என்னிடம் வந்தாள். முந்தானையில் ஸ்டாப்வாட்ச்சைத் துடைத்து என் கையில் வைத்தாள்.

"ஓடிக்கிட்டேதானுங்க இருக்குது சாரு. நிறுத்தறதுக்குத் தெரியல" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். நாற்பத்தெட்டு வயதில், தொழிற்சாலையில்.

முகத்தைக் கழுவிக்கொண்டு மேடம் அறைக்குப் போய், நான்தான் அனுப்பினேன் என்று சொன்னேன். கோபித்துக்கொள்வார், என்னை வேறு பிரிவுக்கு மாற்றுவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏழு நிமிஷம்கறது நெஜமா?"

"நெஜம் மேடம்."

"அப்ப எழுதினது தப்பில்ல. வாங்கோ."

எம்.டி. மேஜையில் ரோஸ் பிரதி ஏற்கெனவே இருந்தது. அவர் முகத்தில் வெற்றிக் களை. ஆறு மணி நேரத்தில் இவ்வளவு முடிகிறதென்றால் எட்டு மணி நேரம் ஏன் செய்யக் கூடாது, பன்னிரண்டு பேர் போதும் என்று உங்கள் ஆளே எழுதியிருக்கிறாரே என்றார். மேடம் ஏதாவது சாக்குச் சொல்வார், அந்த எண் தவறு என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. எண் சரிதான் சார் என்றார். நீங்கள் சொல்வதுபோலச் செய்யவும் முடியும். ஆனால் அந்தத் தாள் இன்னும் முடியவில்லை, இறுதி ஒப்புதல் உங்களுடையது. இந்தத் தொழிற்சாலையில் ஸ்டூலில் உட்காராமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. நீங்களும் போட வேண்டாம். இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை மட்டும் வந்து உட்காருங்கள். ஏழாவது மணியும் எட்டாவது மணியும்தானே நமக்குள் வழக்கு என்றார்.

எம்.டி.க்குச் சிரிப்பு வந்தது. சவாலாக எடுத்துக்கொண்டார் போலும். அன்று இரண்டு மணிக்குக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வைண்டிங்கில் உட்கார்ந்தார். பக்கத்து மெஷினில் மாதம்மா, காலை எட்டிலிருந்து உட்கார்ந்த இடத்தில். நாலு வரை இருக்க முடியுமா, உன்னால் முடிந்ததை ஒழுங்காகச் செய்வாயா என்று மேடம் கேட்டிருந்தார், அவள் சரி என்றிருந்தாள். கையை இழு என்று யாரும் சொல்லவில்லை. நான் வாட்ச்சோடு பின்னால் நின்றேன்.

எம்.டி.யின் முதல் காயில் கழற்றியதுமே தலைமுடி மாதிரிப் பிரிந்தது. கம்பி மூன்று தடவை அறுந்தது. அரை மணியில் சுட்டுவிரலில் ரத்தம். அவர் எழுந்திருப்பார் என்று நினைத்தேன், பிடிவாதக்காரர், எழவில்லை. மூன்று மணிக்குச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐந்துக்கு மறுபடி பார்த்தார். மாதம்மா எட்டி அவர் மெஷினின் கம்பி இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, தன் வளையல் துண்டை அவரிடம் கொடுத்தாள். தனக்கு முடிச்சுப் போட விரலையே வைத்துக்கொண்டாள். அதனால் அவள் வேகம் குறையும் என்று அவளுக்குத் தெரியும். எம்.டி.க்கும் தெரிந்தது, அவர்தான் அந்தப் படத்தைப் படிவத்தில் பார்த்திருந்தாரே.

மூன்றரைக்கு மேல் அவள் கையை நான் பார்த்தேன். நடிக்கிற கையை எனக்குத் தெரியும், இருபத்து நாலு வருஷம் அதைப் பிடிக்கத்தான் சம்பளம் வாங்கினேன். இது நடிக்கவில்லை. நூலைப் பிடிக்கும் இரண்டு விரல்களும் தானாக ஆடின. தண்ணீர் டம்ளரை எடுத்தபோது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ரேட்டிங் கட்டத்தில் நூறு என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக நியாயமான எண் அதுதான்.

நாலு மணிக்கு எம்.டி. எழுந்தார். அவர் கணக்கில் நாலு காயில், அதில் இரண்டு கழிசல். மாதம்மா பதினான்கு. நின்றவாறே அசெம்பிளி சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, தினம் எத்தனை காயில் வேண்டும் என்று கேட்டார். எண்ணூற்றுப் பத்து. அது இரண்டு மணிக்குள் கிடைத்துவிடுகிறதா? கிடைத்துவிடுகிறது சார். எம்.டி. தன் விரலைப் பார்த்தார். அதற்கு மேல் சுற்றி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தனக்குத்தானே சொன்னார். என் கையிலிருந்த தாளை வாங்கி, பதினெட்டுப் பேர், ஆறு மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளில் கொஞ்சம் ரத்தம் பட்டது. பலகையிலிருந்த எண்ணை வேதவல்லி மேடம் தன் கையாலேயே அழித்தார்.

ஆறு பேரும் இருந்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை வைண்டிங் ஆறு மணி நேரமாகவே நடந்தது. பிறகு அந்த இடத்தில் முழுத் தானியங்கி வந்தது, பெண்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். மற்றப் பிரிவுகள் எதற்கும் அது பரவவில்லை. மேடம் ஒவ்வொரு வருஷமும் எழுதிக் கேட்டார், ஒவ்வொரு வருஷமும் யோசிப்போம் என்று பதில் வந்தது. எம்.டி. மற்றப் பிரிவுகளின் ஸ்டூல் பக்கமே போகாமல் ஜாக்கிரதையாக இருந்துகொண்டார். மேடம் இப்போது மேல்கோட்டையில் இருக்கிறார். போனில் பேசும்போது, "இன்னும் நாலு மணி ஆகலியே, பிரான்சிஸ்" என்பார். அவருடைய கனவுப்படி இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி. முன்பெல்லாம் உள்ளுக்குள் சிரித்த நான், இப்போது அந்தக் கணக்கை நம்புகிறவன்.

தீபிகாவின் கேள்விக்கு வருகிறேன். அவளுக்கு முன்பே அதை எம்.டி. கேட்டார். கையெழுத்துப் போட்டு மூன்று மாதம் கழித்து, கம்பெனிப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை வேண்டும், மிச்சமான இரண்டு மணி நேரத்தைப் பெண்கள் எப்படிப் பயனுள்ளதாக்கிக்கொள்கிறார்கள் என்று எழுதித் தாருங்கள் என்றார். நான் உற்சாகமாகக் கட்டம் போட்ட தாளும் பேனாவுமாகப் போனேன். பதினெட்டுப் பெயருக்கும் ஒரு கட்டம். தையல், படிப்பு, தோட்டம் என்று மூன்று நாலு தலைப்பும் நானே எழுதி வைத்திருந்தேன். இரண்டு மணிக்குக் கேட்டருகில் மாதம்மாவைப் பிடித்தேன்.

"மாதம்மா, இந்த ரெண்டு மணி நேரத்துல என்ன பண்றே?"

அவள் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். கட்டங்களைப் பார்த்தாள். சிரித்தாள்.

"அதையும் எழுதப் போறீங்களா சாரு? எழுதுனீங்கன்னா அதுவும் மறுக்கா உங்க நேரம் ஆயிருமுங்க."

சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போனாள். பஸ் ஸ்டாப்புப் பக்கம் போனாளா, எதிர்ப் பக்கம் போனாளா என்று நான் பார்க்கவில்லை. தாளை அப்படியே கொண்டுபோய் மேடம் மேஜையில் வைத்தேன். பதினெட்டுக் கட்டமும் காலி. அவர் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பேனாவை எடுத்து அடியில் கையெழுத்துப் போட்டார். ஸ்டூலில் உட்காராமல் அவர் கையெழுத்துப் போட்ட ஒரே தாள் அதுதான்.